அமுலுவின் முறை

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நகரத்துக்கு நடுவில் போட்டிருந்த பெரிய மேடையில், ஈர மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கஜா மின்சாரம் தாக்கி விழுந்து செத்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் அவன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்த தாளம் மட்டும் அவனோடு சாகவில்லை. ஆம்புலன்சில் ஏற்றும்போது அடித்தது, ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அடித்தது, டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்து உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்தபோதும், உதடு அசையாமல் மூச்சு ஓடாமல், பும் தக் பும்பும் தக் என்று அதே நிதானத்தில் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். இதயம் நின்றுவிட்டது, நுரையீரல் நின்றுவிட்டது, மற்றது எங்கள் பாடத்தில் வராது, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

கஜா பிறந்தது ஆற்றங்கரைக் குடிசையில், வளர்ந்தது தென்றல் நகரில். தென்றல் நகர் என்பது ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, ஒன்றின் முதுகை ஒன்று இடிக்கிற மாதிரி கட்டி வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பு. பேர் வைத்தவருக்கு நல்ல மனசு, ஜன்னலைத் திறந்தால் வருவது கொசு. ஆற்றங்கரையில் இருந்த காலத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆம்பளைகள் சட்டியும் மோளமுமாக வந்து உட்கார்ந்து, செத்தவர் பேரையும் அவர் அப்பன் பேரையும் அவர் வாங்கின கெட்ட பேரையும் சேர்த்துக் கட்டி கானா பாடுவார்கள். அப்புறம் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் எங்கிருந்தோ ஒரு மெமரி கார்டு கொண்டுவந்தார். அதில் அமெரிக்க தேசத்துக் கறுப்புப் பையன்கள் பாடாமல் பேசிக்கொண்டே போனார்கள், ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் பறிபோன வீட்டையும் விரட்டி அடித்த போலீசையும் செத்துப்போன சிநேகிதனையும் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது கரை முழுவதற்கும் விளங்கிவிட்டது. பிறகு கரையைக் காலி பண்ண லாரிகள் வந்தன. சாமான்களை அள்ளிப் போட்ட வேகத்தில் சட்டி உடைந்தது, மோளம் கிழிந்தது, புது வீட்டில் இறங்கிப் பார்த்தால் தாளம் போட வாய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பள்ளிக்கூடம் பழைய இடத்திலேயே இருந்ததால் தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வந்த பையன்கள், அந்த வாயாலேயே தாளம் போட்டு, கறுப்புப் பையன்களின் பேச்சு நடையில் ஆற்றங்கரைக் கானாவைக் கலந்து பேசிப் பழகினார்கள். உலகத்துக்கு அந்தப் பாட்டு எப்படி எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கலாம், தென்றல் நகருக்கு அது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தது.

அந்தப் பையன்களில் கஜாவின் வாய்க்கு ஈடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் கூடுவார்கள், அதற்கு ரவுண்டு என்று பேர், பேருக்கு ஏற்ற சட்டமும் உண்டு. வட்டத்தில் நிற்கிற எல்லோரும் தங்கள் முறையைச் சொல்லி முடிக்கும்வரை தாளம் போடுகிறவன் நிறுத்தக் கூடாது, பசித்தாலும் சரி, போலீஸ் வந்தாலும் சரி. அடுத்தவர் கட்டின வரியை யாரும் எடுத்துச் சொல்லக் கூடாது, சொன்னால் தாளக்காரன் த்தூ என்று துப்பி மானத்தை வாங்கிவிடுவான். முறை வந்தும் வாயைத் திறக்காமல் நிற்கிறவரைப் பார்த்து, பேசு என்று யாரும் சொல்லக் கூடாது, வார்த்தை வருகிறபோது வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்த மாடிக்கு வந்த அமுலு, அவளும் லாரியில் வந்து இறங்கினவள்தான், இந்தச் சட்டத்தையெல்லாம் ஓரமாக நின்று கேட்டாள், ஈரப் புடவையைக் கொடியில் வீசினாள், வட்டத்துக்குள் புகுந்து, அங்கே நின்றவர்கள் அத்தனை பேரையும் நாலு வரியில் நாறடித்தாள், வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். கஜா அன்றைக்கே விழுந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேச, அவன் தாளம் போட, அவள் எங்கே மூச்சு வாங்குவாளோ சரியாக அங்கே அவனும் வாங்குவான், கேட்கிறவர்களுக்கு ஒரே ஆள் பேசுவது போலத்தான் இருக்கும்.

லாரி வந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். அதில் அமுலுவின் பகுதி இப்படித் தொடங்கும்:

*ஒல கொதிக்கிது, வடிச்சிக்கிறேன்னேன், லாரிய எடுன்னு சொல்ட்டான்,*
*அரை வேக்காட்டுச் சோத்தோட எங்கள ஆத்தத் தாண்டித் தள்ட்டான்.*

பாட்டு கைபேசி கைபேசியாகப் பரவி, ஒரு பாட்டுக் கம்பெனியின் காதில் விழுந்தது. கம்பெனிக்காரர் கஜாவைக் குளிரூட்டின அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். தாளம் பிரமாதம், மேடம் வருகிற இடம் மட்டும் கொஞ்சம் சோகமாக இருக்கிறது, கல்யாண வீட்டில் போட முடியாது, அதை வெட்டிவிடலாம் என்றார். கஜா, முதலில் கதவு திறக்கட்டும், பிறகு எல்லாரும் உள்ளே போகலாம் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அமுலு அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், தண்ணீர் லாரி வந்தால் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு ஜாடை காட்டினாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

மேடை ஏறும் நாளன்று அவளும் போனாள், கோபம் வேறு, புருஷன் பெரிய மேடையில் நிற்பதைப் பார்ப்பது வேறு. படியோரம் குடையோடு நின்றாள். பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது கஜா கம்பெனி கொடுத்த இசையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வாயால் தாளத்தை எடுத்தான், மைக்கை அவள் பக்கம் நீட்டினான். அமுலுவுக்குப் புரிந்தது. வெட்டினதை இத்தனை பேருக்கு முன்னால் ஒட்டுகிறான். அவளுக்கு உள்ளே இளகிவிட்டது, ஆனாலும் இத்தனை நாள் வேக வைத்தானே, இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சிரித்துக்கொண்டே மழையில் நின்று தாளம் போட்டான், போட்டுக்கொண்டே காத்திருந்தான், காத்திருக்கும்போதுதான் விழுந்தான்.

சாவு எடுக்க வந்த பறைக்காரர்கள் தங்கள் அடியைத் தொடங்கினார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்கள் கை பிணத்தின் வாய்க்குப் பின்னால் ஓடியது, மூத்தவர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, செத்தவனே அடிக்கும்போது நமக்கு இன்னா வேலை என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பாடையைத் தூக்கினவர்கள் தாங்கள் அறியாமல் கால் மாற்றி வைத்துத் துள்ளி நடந்தார்கள், சுடுகாட்டுக்குப் போகிற பாதை முழுவதும் ஜனம் அழுதுகொண்டே தலையாட்டிக்கொண்டு போனது. சுடுகாட்டில் குழி வெட்டி வைத்திருந்தவர் பாடையில் காதை வைத்துக் கேட்டார்.

"இத நான் பொதைக்க மாட்டேன்," என்றார்.

"டாக்டர் எழுதிக் குடுத்துகீறாரு, சீட்டு கீது," என்றான் ரீகன். அவன் கஜாவின் சிநேகிதன், பஸ் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருப்பவன்.

"சீட்டு இருக்கட்டும்ப்பா. உள்ள போட்டு மண்ணத் தள்ளிட்டு நான் இங்கதான படுக்கணும்? அடியிலர்ந்து அடிச்சிகினே கீறவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது? அவன் முடிக்கட்டும், அப்பால கொண்டாங்க. குழிய மூடாம வெக்கிறேன்."

திருப்பிக் கொண்டுவந்தார்கள். தரைத்தளத்தில் யாரும் பயன்படுத்தாத சமுதாயக் கூடத்தைப் பெருக்கிக் கழுவி, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதில் கிடத்தினார்கள். உடம்பு கெடவில்லை, வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள், மழையில் நனைந்த தலையும் சோப்பு வாசனையும் அப்படியே இருந்தன. எல்லாரும் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள், வேறு என்ன செய்வது, தண்ணீர் லாரி வருகிற நேரமும் ஆகிவிட்டது.

தென்றல் நகர் அந்தத் தாளத்துக்குப் பழகிக்கொண்டது. முதலில் குழந்தைகள் பழகின, தொட்டிலை ஆட்டாமலே தூங்கின. பிறகு பெண்கள் சப்பாத்தி மாவைப் பிசைவதும், துணியைக் கல்லில் அடிப்பதும், மேல் மாடியில் தையல் மெஷின் ஓடுவதும் அதற்குள் போய் விழுந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை அதில் போட்டு ஒப்பித்துத் தேறினார்கள். குழாயடியில் சண்டை போடுவது கஷ்டமாகிவிட்டது, திட்டுகிற வார்த்தை தானாகத் தாளத்தில் உட்கார்ந்து வரியாக முடிந்தது, எதிரி பதிலுக்கு ஒரு வரி முடித்தாள், சுற்றி நின்றவர்கள் கடைசி வார்த்தையைச் சேர்ந்து சொன்னார்கள், அப்புறம் எங்கே சண்டை போடுவது. வயசானவர்களுக்கு நெஞ்சுத் துடிப்பு அதோடு ஒத்துப்போனது, ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்த்த நர்ஸ், நீங்கள் தென்றல் நகரா என்று கேட்க ஆரம்பித்தாள்.

வெளியூரிலிருந்தும் பையன்கள் வந்தார்கள். மீனவர் குப்பத்திலிருந்து வந்தார்கள், கோலாரிலிருந்து வந்தார்கள், விடுமுறைக்கு வந்த மலேசியாப் பையன்களும் கனடாவில் பிறந்து தமிழைத் தட்டித் தட்டிப் பேசுகிற ஈழத்துப் பையன்களும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பெஞ்சைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு முறை சொன்னார்கள், எரிந்த ஊரைச் சொன்னார்கள், மூடின ரப்பர் தோட்டத்தைச் சொன்னார்கள், லாக்கப்பில் செத்த தம்பியைச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் தக்கபடி அந்த வாய் கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் மெதுவாகவும் அடித்தது, எல்லாரும் முடித்துவிட்டுப் போன பிறகும் நிற்கவில்லை. கம்பெனிக்காரரும் பதிவு செய்யும் கருவிகளோடு வந்தார். திரும்பப் போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தம்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பெஞ்சோரம் நின்றார், கண் கலங்கியது, பிறகு கருவிகளைக் கட்டிக்கொண்டு போனார், அதற்குப் பிறகு வரவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வட்டத்தில் ஒருத்தியின் முறை பாக்கி இருந்தது.

அமுலுவுக்கும் அது தெரியும், முதல் நாளே தெரியும். தான் வாயைத் திறந்தால் முறை முடிந்துவிடும், முறை முடிந்தால் அவன் நிறுத்திவிடுவான், நிறுத்தினால் குழி மூடாமல் காத்திருக்கிறது. அதனால் அவள் தாளம் கேட்கிற எல்லைக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரரிடம் விரலைக் காட்டிச் சாமான் வாங்கினாள். தும்மல் வந்தால்கூடப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள், எது கணக்கில் சேரும் எது சேராது என்று யாருக்குத் தெரியும். காலையில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போவாள், பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டால் தாளம் கேட்காது, அங்கே போய்த்தான் பேசுவாள். அவளிடம் பேச வேண்டியவர்கள் எல்லாரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றார்கள். சாயங்காலம் திரும்பி வந்ததும் வாயை மூடிக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள், அவன் தலைமாட்டில் கையை வைத்துக்கொள்வாள், அப்படி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அது பொய் இல்லை. அவன் உயிரோடு இருந்தபோதும் சண்டை என்றால் இப்படித்தான் உட்காருவாள். இது சண்டை, இன்னும் முடியவில்லை, முடியாத சண்டைக்காரன் எங்கே போவான்.

ஜனங்களுக்குச் சங்கடம். ரவுண்டில் நிற்கிறவரைப் பேசச் சொல்லக் கூடாது என்பது சட்டம், இப்போது தென்றல் நகர் முழுவதுமே ரவுண்டு ஆகிவிட்டது. யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரி பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாவது மாடியிலிருந்து சுக்குத் தண்ணீர் வந்தது. யாரோ அதிமதுரம் வாங்கிவந்து, தொண்டைக்கு நல்லதும்மா என்று வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். பிளாக் தலைவர் ஏகாம்பரம் ஒரு தேன் பாட்டிலைக் கொண்டுவந்து, கூட்டத்தில் தீர்மானம் போட்டு வாங்கினது என்று சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அமுலு எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி வைத்தாள், ஒன்றையும் தொடவில்லை.

ரீகன்தான் ஒரு வேலை செய்தான். குரல் மாற்றிப் பேசுவதில் கெட்டிக்காரியான ஒரு பெண்ணைப் பிடித்துவந்து, அமுலு வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, பெஞ்சுக்கு முன்னால் நிற்க வைத்தான். வெட்டுப்பட்ட அந்தப் பகுதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஒல கொதிக்கிது வடிச்சிக்கிறேன்னேன் என்று அவள் தொடங்கியபோது கூடம் முழுவதும் சிலிர்த்தது, அச்சு அசல் அமுலு. தாளம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு பெஞ்சிலிருந்து த்தூ என்று ஒரு சத்தம் வந்தது, பழைய கஜாவின் அதே துப்பல், உடனே பும் தக் பும்பும் தக் என்று பழையபடி தொடர்ந்தது. கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், அவன் போன பிறகு முதல் முறையாகச் சிரித்தார்கள், ரீகன் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான், முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கஜாவின் தாய் தேசம்மா பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் நடந்து வந்து, அமுலுவுக்குப் பக்கத்தில் சிமென்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எம்மே அமுலு, ஒன்ன நான் பேசுன்னு சொல்ல மாட்டேன். அது பசங்க சட்டம், எனுக்கும் தெரியும். நீ கேட்டுக்க மட்டும் செய்யி."

"சொல்லு அத்தே."

"என் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வர்ல. பெத்தவ நான், எனுக்கு வர்ல. அழலாம்னு ஒக்காந்தா அவன் தாளத்துக்கு என் தலை ஆடுது. செத்துட்டான்னு மாரடிக்க முடில, கீறான்னு சோறு போட முடில. நடுவுல நின்னுகினு கீறேன்."

அமுலு பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பேசிட்டா போய்டுவாரு அத்தே," என்றாள்.

"போவட்டும்னு என் வாயால வருமா? ஒண்ணு சொல்றேன். நேத்து அந்தப் பசங்கல்லாம் போனப்பறம் காத வெச்சிக் கேட்டேன். எளைக்கிறான்டி. சின்னதுல வெயில்ல ஓடிட்டு வந்து நிப்பான் பாரு, அப்டி எளைக்கிறான்."

"செத்தவங்க எப்படி அத்தே எளைப்பாங்க?"

"செத்தவங்க எப்படிம்மே தாளம் போடுவாங்க?"

அமுலு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கூடத்துக்குத் திரும்பி வந்து, பெஞ்சுக்கு அருகில் மண்டியிட்டு, அவன் வாயோரம் காதை வைத்தாள். இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள், ஒரு நாளும் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை, அவன் இருக்கிறான் என்பதே போதும் என்று இருந்துவிட்டாள். பும் தக் பும்பும் தக். நாலு சுற்றுக்கு ஒரு தரம், அவள் வழக்கமாக மூச்சு வாங்குகிற அந்த இடத்தில், மெல்லிய ஓர் இழுப்பு இருந்தது. செத்தவனுக்கு மூச்சு எதற்கு. அவள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று அவளுக்காக இடம் விட்டு இடம் விட்டு அடித்துக்கொண்டிருந்தான், அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் இல்லாத மூச்சை இழுத்து இழுத்து அவன் ஓய்ந்துபோயிருந்தான். நான் இவனைப் பிடித்து வைத்திருக்கவில்லை, நிற்க வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அமுலுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மழையில் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றவன் இன்னும் கையை இறக்கவில்லை.

எழுந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் ஒவ்வொருவராக வந்தார்கள், ஈரக் கையோடு வந்தார்கள், பாதி சாப்பிட்ட கையோடு வந்தார்கள், பெஞ்சைச் சுற்றி வட்டம் கட்டி நின்றார்கள். ஏகாம்பரம் செருப்பைக் கழற்றினார். தேசம்மா மகன் காலடியில் போய் நின்றாள். அமுலு அந்த இழுப்பு வருகிறவரை காத்திருந்து, தானும் மூச்சை வாங்கி, வாயைத் திறந்தாள்.

*தோ வந்துட்டேன், இன்னா அவசரம், இன்னும் கொஞ்சம் நில்லு,*
*பேசலன்னா சாவச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னா, சொல்லு.*
*மைக்க நீட்டுனா ஓடியாறதுக்கு நான் இன்னா கூலி ஆளா,*
*வெட்டுனது அவன், தலையாட்டுனது நீ, நான் இன்னா வேண்டாத வாலா?*

தாளம் குதித்தது. அத்தனை நாள் அடித்த தாளம் வேறு, இது வேறு, கூடத்தின் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. வட்டத்தில் நின்றவர்கள் ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையையும் வழக்கப்படி சேர்ந்து சொன்னார்கள். அமுலு முதலில் திட்டினாள், கம்பெனிக் காப்பியைக் குடித்துவிட்டு வந்ததற்குத் திட்டினாள், ஈரத்தில் நின்றதற்குத் திட்டினாள். பிறகு லாரியைச் சொன்னாள், வெந்தும் வேகாத சோற்றைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே போகும்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது, முறையை முடித்தால்தானே அவன் நிறுத்துவான், முடிக்காமல் பேசிக்கொண்டே இருந்தால் என்ன. கட்டி வைத்திருந்த வரிகள் தீர்ந்தன, அவள் நிறுத்தவில்லை. வீட்டைச் சொன்னாள், ஒழுகுகிற கூரையைச் சொன்னாள், அவன் வாங்கித் தந்த செருப்பு கடிக்கிறது என்று இதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

*கொழாயில தண்ணி வர்றதில்ல, கொடத்தத் தூக்க ஆளு இல்ல,*
*ஒன் சட்ட இன்னும் கொடியில கீது, மடிச்சி வெக்க மனசு இல்ல.*

வெயில் ஜன்னலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. யாரும் நகரவில்லை. அவள் குரல் கரகரத்து, கிழிந்து, காற்றாகப் போனது, ஒருவர் பின்னாலிருந்து தண்ணீர் கொடுத்தார், குடிக்கவும் நிறுத்தவில்லை, வாயோரம் வழியவிட்டுக்கொண்டே பேசினாள். கஜாவும் விடாமல் அடித்தான். ஆனால் இழுப்பு அடிக்கடி வந்தது. அவள் மூச்சு வாங்காத இடத்திலும் வந்தது. அவள் பேசுகிறவரை அவன் அடிப்பான், நாளைக்கும் அடிப்பான், செத்தும் எலும்பு நோக அடிப்பான், அதுதான் அவன் சட்டம், நிறுத்து என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. அமுலு குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

*சண்டையில சொல்லாத வார்த்தைய வாசல்ல நின்னு சொல்றேன்பா,*
*செருப்ப மாட்டு, தலைய வாரு, கதவச் சாத்திக்கிறேன், நீ*

என்று அங்கே நின்றாள். கடைசி வார்த்தை எது என்று வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எந்த வீட்டிலும் யார் வெளியே கிளம்பினாலும் சொல்கிற வார்த்தை, போய்ட்டு வா என்று சேர்ந்து சொல்ல எல்லார் உதடும் குவிந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டது. சாவு வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது, வா என்றும் சொல்லக் கூடாது, பேசாமல் திரும்பிப் போய்விட வேண்டும், அது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தாளம் அவளுக்காக ஒரு சுற்றுச் சுற்றிவந்து காத்திருந்தது, இன்னொரு சுற்றுச் சுற்றிவந்தது.

"போ," என்றாள் அமுலு.

யாரும் சேர்ந்து சொல்லவில்லை. தாளம் நின்றது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, எங்கோ மேல் மாடியில் தொட்டிலில் ஒரு குழந்தை முழித்துக்கொண்டு அழுதது, பிறகு தேசம்மா மகன் காலைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் வராதது எல்லாம் சேர்ந்து வர, பெருங்குரலெடுத்து அழுதாள். ரீகன் குழிக்காரரிடம் சொல்ல ஓடினான். பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அமுலு மட்டும் திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றாள், அவனிடம் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது.